எஸ்பி ரோட்டில் 48,000 ரூபாய்க்கு முதல் கேமிங் பிசி: இந்த ரெண்டு கொட்டேஷனில் எது தேறும்?

மடிவாளா_மாடி

அண்ணன்மாரே, வணக்கம். பெங்களூரு மடிவாளாவில் பிஜியில் இருக்கேன். முதல் தடவையா கேமிங் பிசி போடணும். கையில் 48,000 ரூபாய். அதுக்கு மேல ஏறாது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் பழசு இருக்கு. மானிட்டர் 19 இன்ச், பின்னாடி விஜிஏ மட்டும்தான் இருக்கு. தினமும் வேலரன்ட், அப்பப்போ ஜிடிஏ 5, புது கதை கேம்கள் மீடியம் செட்டிங்கில் ஓடினா போதும்.

எஸ்பி ரோட்டில் (இங்க கம்ப்யூட்டர் பார்ட்ஸ் விக்கற சந்தை) ரெண்டு கடையில் எழுதிக் கொடுத்தது இது:

கடை 1: ஐ7 3770 ப்ராசஸர், எச்61 போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடி 730 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா). எல்லாம் சேர்த்து 24,000. "ஐ7 சார், எல்லா கேமும் ஓடும்"னு சொன்னாங்க.

கடை 2: ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், பி450 போர்டு, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸோட கேபினெட். 37,500. ஜிஎஸ்டி பில் வேணும்னா தனியா சேருமாம்.

ரெண்டில் எதை எடுக்கலாம்? இல்ல, பார்ட் பார்ட்டா வாங்கி நானே மாட்டலாமா? பிஜியில் கரண்ட் அடிக்கடி போகும், அதையும் பார்த்துச் சொல்லுங்க.

அலைவரிசை128

முதல் கொட்டேஷனைக் கிழித்துப் போடுங்கள். ஐ7 என்ற பெயர் கண்ணைக் கட்டும், ஆனால் 3770 வந்தது 2012இல். அதில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது. இன்டெலில் அது 2013இல் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. இப்போது வரும் புது கேம்களில் பல அதை எதிர்பார்க்கின்றன. இல்லையென்றால் கேம் மெதுவாக ஓடாது, திறக்கவே திறக்காது. விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. இந்தப் பெட்டிக்கு முன்னால் போக வழியே இல்லை.

ஜிடி 730 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "4 ஜிபி" என்ற எண்ணை வைத்துத்தான் அதை விற்கிறார்கள். ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி என்பதைவிட, அந்த மெமரியிலிருந்து நொடிக்கு எவ்வளவு தரவை எடுக்க முடிகிறது என்பதுதான் கேமுக்கு முக்கியம். 64 பிட் டிடிஆர்3 ஜிடி 730இல் அது நொடிக்கு 14.4 ஜிபி. சாதாரண டிடிஆர்4 3200 ரேம் ஸ்டிக் ஒன்றே 25.6 ஜிபி தரும். அதாவது தனி கார்டு என்று காசு கொடுத்து வாங்குவது, போர்டில் செருகும் ஒற்றை ரேமைவிட மெதுவானது. ஆர்எக்ஸ் 6600இல் இதே கணக்கு 224 ஜிபி.

இரண்டாவது கொட்டேஷன் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதிலும் இதே பள்ளம் இருக்கிறது. 5600ஜிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே ஸ்டிக் என்றால் 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலும் வேலை செய்து 51.2 ஜிபி. அந்த 8 ஜிபி ஒற்றை ஸ்டிக், ப்ராசஸரின் கிராஃபிக்ஸைப் பாதியில் கட்டிப்போடுகிறது. போதாக்குறைக்கு அந்த 8 ஜிபியிலிருந்தே கிராஃபிக்ஸுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். விண்டோஸும் கேமும் மிச்சத்தில் மூச்சுத் திணறும்.

48,000ஐ நான் இப்படிப் பிரிப்பேன். இவை உச்சவரம்பு, குறைந்தால் லாபம்:

ப்ராசஸரும் போர்டும் சேர்த்து 15,000. கிராஃபிக்ஸ் கார்டு, செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி, 13,000. ரேம் 8 ஜிபி இரண்டு, 7,000. என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி, 4,000. எஸ்எம்பிஎஸ் 4,500. கேபினெட் 3,000. மிச்சம் 1,500 ரூபாயில் விண்டோஸ் போட பென் டிரைவும் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டரும்.

ப்ராசஸரில் முதல் தேர்வு ரைசன் 5 5600. பின்னால் ஜி இல்லாதது. ஆறு கோர், 32 எம்பி கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி). வேலரன்ட் மாதிரி கேம் கார்டைவிட ப்ராசஸரைத்தான் பிழியும், அதனால் இந்த கேஷ் நேரடியாக உதவும். 15,000க்குள் போர்டோடு அடங்கவில்லை என்றால் ஐ3 12100எஃப், எச்610 டிடிஆர்4 போர்டு. நான்கு கோர்தான், ஆனால் கோர் ஒவ்வொன்றும் வேகமானது. பின்னால் காசு சேர்ந்ததும் அதே போர்டில் ஐ5 12400எஃப் போட்டுக்கொள்ளலாம். எச்610 போர்டு வாங்கும்போது டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று அட்டையில் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பெயரில் வருகின்றன, ரேம் மாறிச் செருகாது.

ஏஎம்டி பக்கம் போனால் ஒரு எச்சரிக்கை. பி450 போர்டுகள் 5600க்கு முன்னால் வந்தவை. பழைய ஸ்டாக்காக இருந்தால் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் திரையே வராது. அட்டையில் ரைசன் 5000 ரெடி என்று ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள்.

ரேம்தான் இப்போது தலைவலி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. புதுசு 7,000க்குள் படியவில்லை என்றால் ரேமைத் தயங்காமல் செகண்ட் ஹேண்டில் எடுங்கள். ரேமில் தேய்மானம் என்று ஒன்று கிடையாது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு இரவு ஓட்டிப் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும்.

கோரமங்களா_குட்டி

அலைவரிசை அண்ணா சொல்றது சரிதான், ஆனா நான் 5600ஜி பக்கம் பேசறேன். தம்பி விளையாடப் போறது தினமும் வேலரன்ட். 5600ஜில ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டு, 1080பி லோ செட்டிங்கில் வெச்சா அது நூறு ஃப்ரேமுக்கு மேலயே போகும். ஜிடிஏ 5 நார்மல்ல ஓடிரும். அவர்கிட்ட இருக்கிறதோ 19 இன்ச் மானிட்டர், ரெசல்யூஷனே கம்மி. இப்போ செகண்ட் ஹேண்ட் கார்டுன்னு போய் ஏமாறதவிட, எல்லாமே புதுசா வாரண்டியோட வாங்கிட்டு, ஆறு மாசம் கழிச்சு கார்டு போட்டுக்கலாம். அப்போ விலையும் எப்படி இருக்குன்னு பார்த்துக்கலாம்.

அலைவரிசை128

குட்டி, கார்டே போடப் போவதில்லை என்றால் 5600ஜி நல்ல தேர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் "ஆறு மாசம் கழிச்சு கார்டு" என்று நினைக்கிறவருக்கு அது பொருந்தாது. கார்டு செருகிய அன்றே நீங்கள் காசு கொடுத்த உள் கிராஃபிக்ஸ் சும்மா உட்கார்ந்துவிடும். மிஞ்சுவது 16 எம்பி கேஷ் உள்ள ப்ராசஸர், அதுவும் பிசிஐஇ 3.0 (கார்டும் ப்ராசஸரும் பேசும் வழியின் பழைய தலைமுறை) மட்டும். 6600 மாதிரி எட்டு லேன் (தரவுப் பாதை) உள்ள கார்டுக்கு 3.0இல் இழப்பு சொற்பம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போனால்தான் வினை. அதற்கு நான்கு லேன்தான், மெமரியும் 4 ஜிபிதான். 3.0 போர்டில் மெமரி நிரம்பியதும் கேம் விக்கி விக்கி நிற்கும்.

மடிவாளா தம்பி "புது கதை கேம்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிதான் என்னைக் கார்டு பக்கம் தள்ளுகிறது. வேலரன்ட் மட்டும் என்றால் உங்கள் வழியே போயிருப்பேன்.

நியூட்ரல்_எர்த்

யாரும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடலையே. ரெண்டு கொட்டேஷன்லயும் கேபினெட்டோட வர்ற எஸ்எம்பிஎஸ். அந்த டப்பாவைக் கையில் வாங்கி, பக்கவாட்டுல இருக்கிற லேபிளைப் படிங்க. மேல பெருசா 450ன்னு போட்டிருக்கும். அதைப் பார்க்காதீங்க. கீழ கட்டம் கட்டி +3.3வி, +5வி, +12வின்னு இருக்கும். +12விக்குக் கீழ எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 16ஏன்னு இருந்தா 12 x 16 = 192 வாட். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டும் கரண்ட் எடுக்கிறது இந்த 12 வோல்ட்லதான். அப்போ இது நிஜத்தில் 192 வாட் எஸ்எம்பிஎஸ். நல்ல 450 வாட் யூனிட்ல இதே இடத்தில் 35 ஆம்பியர் கிட்ட இருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஆர்எக்ஸ் 6600 132 வாட். ப்ராசஸர் கேம்ல 60, 70. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 30. மொத்தம் 230. அந்த லோக்கல் டப்பா டெஸ்க்டாப்ல நல்லா இருக்கும், கேம் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்தில் பட்டுனு அணைஞ்சிடும். அணைஞ்சா அதிர்ஷ்டம். பாதுகாப்பு சர்க்யூட் சரியில்லாத யூனிட் அணையாம, வோல்டேஜைத் தாறுமாறா ஏத்தி போர்டையும் கார்டையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடும். அதனால கேபினெட்டைத் தனியா, எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியா வாங்குங்க. 500 அல்லது 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ், கோர்சேர், கூலர் மாஸ்டர், டீப்கூல் மாதிரி பெயர் தெரிஞ்ச கம்பெனி, வாரண்டி குறைஞ்சது மூணு வருஷம், 6+2 பின் பிசிஐஇ கனெக்டர் இருக்கணும். 80 ப்ளஸ் முத்திரை மின்சிக்கனத்தை மட்டும்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. அதனாலதான் வாரண்டி வருஷத்தையும் பார்க்கச் சொல்றேன். இதை மட்டும் செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்க.

இனி பிஜி விஷயம். பிசி வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரூம் பிளக் பாயிண்டைச் சோதிங்க. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள ஃபேஸ்ல இருந்து எர்த்துக்கும், நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கும் சின்ன கப்பாசிட்டர் இருக்கும், இரைச்சலை வடிகட்ட. எர்த் ஒழுங்கா இருந்தா அந்தத் துளி கரண்ட் மண்ணுக்குள்ள போயிடும். எர்த் இல்லேன்னா கேபினெட் தகடு 230க்குப் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட்ல மிதக்கும். கை வெச்சா சுர்ருனு கூசும். கரண்ட் ரொம்பக் கம்மிங்கறதால ஆளைத் தூக்காது, ஆனா பிசி ஆன்ல இருக்கும்போது எச்டிஎம்ஐ வயரைச் செருகினா மானிட்டர் போர்ட்டோ கார்டு போர்ட்டோ போயிடலாம்.

மல்டிமீட்டரை ஏசியில் வெச்சு, மேல இருக்கிற பெரிய ஓட்டைக்கும் வலது ஓட்டைக்கும் இடையில் பாருங்க, 230 ஒட்டி வரணும். பெரிய ஓட்டைக்கும் இடது ஓட்டைக்கும் இடையில் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். முதல் அளவு 60, 90ன்னு ஆடினா எர்த் வயர் எங்கேயோ விட்டுப்போயிருக்கு. மீட்டர் பிடிச்சுப் பழக்கமில்லேன்னா எலக்ட்ரீஷியனை வெச்சே பார்த்துக்கோங்க, எர்த் இல்லேன்னா ஓனர்கிட்ட சொல்லிச் சரி பண்ணுங்க. சில பேர் குறுக்கு வழியா சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு வயரால சேர்த்துடுவாங்க. அதை அனுமதிக்கவே கூடாது. நியூட்ரல் ஒரு நாள் அறுந்தா கேபினெட் முழுக்க ஃபேஸ் ஏறும். அது உயிருக்கு ஆபத்து. மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்தற அடாப்டரும் வேண்டாம்.

யுபிஎஸ் இப்போ பட்ஜெட்ல வராது, பரவாயில்லை. பின்னால வாங்கும்போது 600 விஏ யூனிட் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். எஸ்எம்பிஎஸ் இழப்பையும் சேர்த்து உங்க பிசி சுவர்ல இருந்து 270 இழுக்கும், மானிட்டர் 25. சேவ் பண்ணி ஷட் டவுன் பண்ற நேரம் கிடைக்கும், விளையாடற நேரம் கிடைக்காது.

மடிவாளா_மாடி

எல்லாருக்கும் நன்றி. ரூம் சாக்கெட்டை இந்த வாரமே செக் பண்ணச் சொல்லிடறேன். அலைவரிசை அண்ணா வழியில் போகலாம்னு முடிவு பண்ணிட்டேன். இப்போ ரெண்டு பயம். செகண்ட் ஹேண்ட் 6600ஐ எப்படிப் பார்த்து வாங்கறது? அப்புறம், மாட்டும்போது எதை உடைப்பேன்னு தெரியல.

பழையகார்டு_பார்த்துவாங்கு

கார்டை வெறும் கையில் காட்டி காசு கேட்டா வாங்காதீங்க. ஓடற சிஸ்டத்தில் மாட்டிக் காட்டச் சொல்லுங்க, உங்க கண் முன்னாடி.

ஜிபியு-இசட்னு கார்டு விவரம் காட்டற சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்க. 6600ன்னா ஷேடர் (கார்டோட கணக்குப் போடற கோர்) 1792, மெமரி ஜிடிடிஆர்6 8192 எம்பி, பஸ் 128 பிட். இதில் ஒண்ணு மாறினாலும் அது வேற கார்டு. பழைய கார்டுல பயாஸை மாத்தி ஒட்டின போலிகளை அந்த சாஃப்ட்வேர் பல நேரம் தானே போலின்னு எழுதிக் காட்டிடும். பேரம் நடுவில் "ஆர்எக்ஸ் 580 தர்றேன், விலை பாதி"ன்னு சொன்னாங்கன்னா இதே இடத்தைப் பாருங்க. 2304 ஷேடர் இருந்தா அசல் 580. 2048 இருந்தா அது வெட்டின வகை, அதையும் 580ன்னே விக்கறாங்க.

அடுத்து ஃபர்மார்க்னு கார்டை முழு வேலை வாங்கற சாஃப்ட்வேரை 15 நிமிஷம் ஓட்டுங்க. கூடவே எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து ரெண்டு எண்ணைப் பாருங்க, ஜிபியு வெப்பம், ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகமா சூடாகிற இடம்) வெப்பம். ரெண்டுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். 30ஐத் தாண்டினா தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருக்கு. அது சரிபண்ணக்கூடிய விஷயம்தான், விலையில் பேசிக் குறைக்கலாம். ஆனா திரையில் சதுரம் சதுரமா கலர் மின்னினாலோ, புள்ளி விழுந்தாலோ மெமரி போச்சுன்னு அர்த்தம். இலவசமா கொடுத்தாலும் வேண்டாம்.

2021, 22இல் இந்த கார்டு கிரிப்டோ காசு எடுக்கற மைனிங் ரிக்ல நிறைய ஓடிச்சு. 2022 செப்டம்பர்ல எதீரியம்கிற கிரிப்டோ, கார்டு தேவைப்படாத முறைக்கு மாறினதும் எல்லாம் சந்தைக்கு வந்துச்சு. மைனிங் கார்டுன்னாலே குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன். சிப் அவ்வளவு சீக்கிரம் கெடாது, கெடறது ஃபேனும் தெர்மல் பேடும்தான். அணைச்ச பிறகு ஃபேனை விரலால மெல்லச் சுத்துங்க. கரகரன்னு உரசினா, இல்ல மேல கீழ ஆடினா பேரிங் போச்சு. கார்டு ஓரத்தில், பேக்பிளேட் அடியில் எண்ணெய் கசிஞ்ச மாதிரி பிசுபிசுப்பு இருந்தா பேட் உருகியிருக்கு. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. கார்டு மேல சீரியல் எண்ணும் பில்லில் இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும். வாரண்டி மிச்சம் இருந்தா அந்தப் பில்தான் உங்களுக்குச் சீட்டு.

புதுசா வாங்கறதுக்கும் ஒரு வார்த்தை. "பில் பேக்கா சார்?"னு கேப்பாங்க, கன்னடத்தில் பில் வேணுமான்னு அர்த்தம். பேக்குன்னு சொல்லுங்க. ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்னு ஆசைப்பட்டு துண்டுச் சீட்டு வாங்கினா, எஸ்எஸ்டி செத்த அன்னைக்கு அந்தச் சீட்டை சர்வீஸ் சென்டர்ல யாரும் மதிக்க மாட்டாங்க. பில்லில் மாடல் பேரும் சீரியல் எண்ணும் ஏறணும். "16 ஜிபி ரேம், 1"ன்னு எழுதினா ஏத்துக்காதீங்க. கொட்டேஷன் வாங்கும்போதே ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனித்தனி விலை, முழு மாடல் நம்பரோட கேளுங்க. மொத்த விலை மட்டும் சொல்ற கடையில் எது எங்க மாறுதுன்னு தெரியாது. ப்ராசஸரை அட்டைப் பெட்டியோட கேளுங்க, பெட்டி இல்லாம வர்ற ட்ரே பீஸ்ல கூலர் வராது. ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, முக்கால்வாசிக் கடை மூடியிருக்கும். மெட்ரோவில் போனா சிக்கப்பேட்டைல இறங்கி நடக்கலாம்.

ஸ்க்ரூடிரைவர்_நம்பர்2

மாட்டுவது பயப்படுகிற அளவுக்கு இல்லை. நடு அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும், முனையில் காந்தம் இருந்தால் நல்லது. மேசை மேல் மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியை வைத்து அதன் மேல் போர்டை வையுங்கள். ப்ராசஸர், கூலர், ரேம், எஸ்எஸ்டி நான்கையும் கேபினெட்டுக்கு வெளியிலேயே மாட்டி முடித்துவிடுங்கள். உள்ளே கை போகாத இடத்தில் கூலரோடு மல்லுக்கட்டக் கூடாது.

5600 என்றால் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். மூலையில் தங்க நிற முக்கோணம், சாக்கெட்டிலும் ஒரு முக்கோணம். இரண்டையும் ஒரே பக்கம் வைத்து விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், எடுத்துப் பாருங்கள், ஏதோ பின் சாய்ந்திருக்கிறது. 12100எஃப் என்றால் பின்கள் போர்டில். அதில் விரல் படக் கூடாது. லீவரை மூடும்போது கறக்கென்று ஒரு சத்தத்தோடு பிளாஸ்டிக் மூடி தெறித்து வரும். அது இயல்பு. அந்த மூடியைப் பத்திரமாக வையுங்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

முதல் தடவை மாட்டுபவர்கள் அதிகம் தடுமாறுவது கூலரில். 5600 உடன் வரும் கூலரில் நான்கு ஸ்க்ரூ. போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்றினால்தான் அது உட்காரும். கழற்றியதும் பின்னால் இருக்கும் உலோகத் தகடு பொத்தென்று விழுந்துவிடும். ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்துவிடும்.

இன்டெல் கூலரில் ஸ்க்ரூ கிடையாது, நான்கு பிளாஸ்டிக் முளைகள். எதிரெதிர் முளைகளை ஒரே நேரத்தில் டக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பிறகு போர்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். நான்கு முளைகளும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். மூன்று விரிந்து ஒன்று பாதியில் நின்றால், பிசி ஆன் ஆகும், பயாஸ்கூட வரும். ஆனால் வெப்பம் நேரே நூறு டிகிரிக்கு ஏறித் தானே அணைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், குற்றவாளி அந்த ஒற்றை முளை. இரண்டு கூலரிலும் பேஸ்ட் தடவியே வரும், தனியாக வேண்டாம். கழற்றி மறுபடி போட்டால் மட்டும் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு வைக்க வேண்டும்.

ரேம் இரண்டு சாக்கெட் போர்டு என்றால் இரண்டிலும் செருகுங்கள். நான்கு இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் ஒரே சேனலில்தான் ஓடும்.

கேபினெட்டில் போர்டை வைக்கும் முன் பித்தளை முட்டுகளை எண்ணிப் பாருங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு முட்டு நின்றால் அது போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் அதை முதலில் மாட்டுங்கள், பிறகுதான் போர்டு.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எட்டு பின் வயர்கள் இரண்டு வகை. 4+4 ஆகப் பிரிவது ப்ராசஸருக்கு, போர்டின் மேல் மூலையில். 6+2 ஆகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாதபடி வடிவம் வேறு. அழுத்தி நுழைத்தால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் மோதும், அதோடு முடிந்தது. 24 பின் கனெக்டரைக் கொக்கி மாட்டும்வரை அழுத்துங்கள், கொஞ்சம் பலம் வேண்டும்.

ஆன் செய்ததும் ஃபேன் சுற்றி, திரை வராவிட்டால் உடனே கலங்க வேண்டாம். புது ரேமைப் போர்டு பழகிக்கொள்ள முதல் தடவை ஒன்றிரண்டு நிமிடம்கூட ஆகலாம். அதன் பிறகும் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் வயர். 5600, 12100எஃப் இரண்டிலும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் ஒரு காலமும் படம் வராது. கார்டில் செருகுங்கள். பிறகு போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்ற நான்கு சின்ன விளக்குகள் இருந்தால் எது எரிகிறது என்று பாருங்கள். டிராம் எரிந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து முயலுங்கள். விஜிஏ எரிந்தால் கார்டின் பவர் வயர். சிபியு எரிந்தால் 4+4 வயரை மறந்திருப்பீர்கள், அல்லது பி450இல் அந்தப் பழைய பயாஸ் சிக்கல். மலிவான போர்டுகளில் விளக்கு இருக்காது. அப்போது பவரை அணைத்து, வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிப் போட்டால் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும்.

அலைவரிசை128

மேலே விட்டுப்போன மூன்று விஷயங்கள். பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 ரேம் பெரும்பாலும் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகமும் எத்தனை ஸ்லாட் என்பதும் தெரியும்.

இரண்டாவது, வேலரன்ட். விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். இல்லையென்றால் வேன் 9001 என்று பிழை காட்டி உள்ளேயே விடாது. விண்டோஸ் போடும் முன்பே பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆகும் வசதி) அணையுங்கள், டிபிஎம்மை ஆன் செய்யுங்கள் (ஏஎம்டியில் எஃப்டிபிஎம், இன்டெலில் பிடிடி என்று பெயர்), செக்யூர் பூட்டை ஆன் செய்யுங்கள். சிஎஸ்எம் ஆனாக இருக்கும்போது விண்டோஸ் போட்டால் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் உருவாகிவிடலாம், பிறகு செக்யூர் பூட் வேலை செய்யாது. பென் டிரைவ் 8 ஜிபி போதும். இன்ஸ்டால் ஆகும்போது இணையம் கேட்கும், மலிவான போர்டில் வைஃபை இருக்காது. போனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போட்டால் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உங்கள் மானிட்டர். எச்டிஎம்ஐ விஜிஏ அடாப்டரில் உள்ளே சிப் உள்ளது வேண்டும், வெறும் வயர் வேலை செய்யாது. சிலவற்றில் பக்கவாட்டில் சின்ன யுஎஸ்பி ஓட்டை இருக்கும், படம் விட்டு விட்டு வந்தால் அதில் போன் சார்ஜர் வயரைக் கொடுங்கள். அந்த மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ்தான், அதனால் வேலரன்ட் 200 ஃப்ரேம் காட்டினாலும் கண்ணுக்கு 60தான் வரும். அடுத்து காசு சேரும்போது யுபிஎஸ்ஸா மானிட்டரா என்று வந்தால் 24 இன்ச் 100 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் மானிட்டரை முதலில் வாங்குங்கள். டிஸ்ப்ளே போர்ட் வயரில் மாட்டி, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 100ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். பல நேரம் அது தானாக மாறாமல் 60இலேயே நின்றுவிடும்.